அட்டெண்டர் பாஸ்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் அக்கா. உட்காரலாம், தப்பில்லை. ஆனால் அப்பா வந்தால் அது எந்த பெட்டின் ஸ்டூல் என்று கேட்பார். அடியில் பெயின்டால் பதினேழு என்று எழுதியிருக்கிறது. உங்களுடையது பதினெட்டு. பதினெட்டின் ஸ்டூலை யாரோ தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறது, அது இப்போது எந்த வார்டில் கிடக்கிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். சரி, இப்போதைக்கு உட்காருங்கள். பிசியோதெரபிக்குக் கீழே போயிருக்கிறார். பதினொன்றரைக்கு முன்னால் வர மாட்டார்.

உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன, பைக்கா? தோள்பட்டையா? எக்ஸ்ரே வரிசையில் தம்பியோடு விட்டுவிட்டு நீங்கள் பெட்டைப் பிடிக்க வந்துவிட்டீர்கள். நல்லதுதான், இல்லாவிட்டால் இதையும் யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இன்னும் ஒரு வாரமாவது நீங்கள் எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இந்தப் பெண் படித்தவள் மாதிரி இருக்கிறாள், ஒரு வார்த்தை எச்சரித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

என் அப்பா கலியபெருமாள், அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் செக்கராக இருந்தவர். நடுரோட்டில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, ஒருத்தர் முன்படியில், ஒருத்தர் பின்படியில் ஏறி, டிக்கெட் டிக்கெட் என்று வருவார்களே, அந்த வேலை. ரிட்டையர் ஆகி நான்கு வருஷம் ஆகிறது. ஆனது வேலைதான், அவர் ஆகவில்லை. போன தை மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பார்த்து நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று மூன்று முறை கேட்டதில், அந்த மனிதர் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். அவர் மாப்பிள்ளையின் மேலதிகாரி. அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சரியான ஆளாக இருந்தால் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டியதுதானே என்றார்.

டியூப்லைட் மாட்ட பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினார். நாற்காலி பிளந்தது, இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை இருப்பதால் தையல் ஆற மாட்டேன் என்கிறது. இன்றைக்குப் பதினாறாவது நாள். பதினாறு நாளும் துணைக்கு நான்தான். அப்பா மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில், சிஸ்டர் எத்தனை மணிக்கு வந்தார், டாக்டர் எத்தனை நிமிஷம் நின்றார் என்று எழுதி வைப்பார். குளுக்கோஸ் சொட்டை எண்ணுவார். கஞ்சி கொண்டுவரும் அக்காவிடம், நேற்று ஒரு கரண்டி அதிகம், இன்றைக்கு ஏன் குறைகிறது என்று கேட்பார். இந்த வார்டில் அவரோடு சண்டை போடாத ஒரே ஆள் மூலையில் இருக்கிற தாத்தாதான், அவருக்குக் காது கேட்காது.

இதில் எனக்கு வந்து சேர்ந்த வேலையைக் கேளுங்கள். நான் யுனிவர்சிட்டியில் பிரெஞ்சு ஆராய்ச்சி மாணவி. அடுத்த வாரம் எங்கள் துறையில் பிரெஞ்சுப் பட விழா நடக்கிறது, அதில் ஒரு படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலையை எங்கள் புரொபசர் மேடம் என்னிடம் கொடுத்தார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரி. இதை ஒழுங்காக முடித்தால் ஒரு வருஷம் அந்த நாட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்க என் பெயரை எழுதி அனுப்புவார். படம் என்ன படம் என்று கேளுங்கள். ரிட்டையர் ஆன ஒரு ரயில் டிரைவர், பக்கத்து வீட்டு மரக்கிளையை வெட்ட ஏணியில் ஏறி விழுந்து, இடுப்பு ஒடிந்து, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் திட்டுகிறார். காமெடியாம். எனக்கு என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள், வலது பக்கம் ஒரு கிழவர், லேப்டாப்பில் ஒரு கிழவர்.

நான் மேடத்திடமே கேட்டேன். ஒரு ஆண் ஒன்றரை மணி நேரம் நர்ஸைத் திட்டுகிறான், பிசியோதெரபிப் பெண்ணை அழ வைக்கிறான், பழம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியை முடியைப் பற்றிக் கிண்டல் பண்ணி அனுப்புகிறான். கடைசிப் பத்து நிமிஷம் லேசாகச் சிரிக்கிறான். உடனே மொத்த ஆஸ்பத்திரியும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டாட்டா காட்டுகிறது. ஏன்? இதே இடத்தில் ஒரு பெண் படுத்துக்கொண்டு இப்படிப் பேசினால் அதைக் காமெடி என்பார்களா, கொழுப்பு என்பார்களா? ஆணின் எரிச்சலுக்குப் பெயர் குணம், பெண்ணின் எரிச்சலுக்குப் பெயர் வாய். மேடம், முதலில் சப்டைட்டிலை முடி, பிறகு கட்டுரை எழுது என்றார். எழுதத்தான் போகிறேன்.

சப்டைட்டில் என்பது சும்மா மொழிபெயர்ப்பு இல்லை அக்கா. இரண்டு வினாடியில் படித்து முடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். இங்கேதான், இந்தக் கட்டில் பக்கத்தில்தான், வேறு எங்கே போவது? அந்த டிரைவர் நர்ஸிடம் சொல்கிற ஒரு இடத்துக்கு, ‘தயவுசெய்து என்னை நிம்மதியாக இருக்க விடுங்கள்’ என்று எழுதிச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா திறக்காமலே சொல்கிறார்: “எந்தக் கிழவன்டி இப்படிப் பேசுவான்? நவுருமா, காத்து வரட்டும்னு போடு.”

போட்டேன். இரண்டு வினாடிக்குக் கச்சிதமாக இருந்தது, போடாமல் என்ன செய்வது? அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை, அவராகவே சொல்ல ஆரம்பித்தார். நூறு நூற்றைம்பது வரி இருக்கும். அந்த டிரைவரின் வசவெல்லாம் இப்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் விழுகிற மாதிரி இருக்கிறது. மேடம் பாதியைப் பார்த்துவிட்டு, கிழவர் உயிரோடு இருக்கிறார் எழில் என்று மெசேஜ் அனுப்பினார். அப்பாவின் பெயரைப் போடுவேனா என்கிறீர்களா? எதற்கு? வசவு யாருடைய சொத்தும் இல்லை. அதை ஆராய்ச்சியில் களப்பணி என்போம்.

ஆனால் ஒன்று, அவர் ஒரு வரிக்குக்கூடச் சிரிக்கவில்லை. ஒரு வரிக்குக்கூட. நான் சிரிப்பு வருகிற இடங்களை எடுத்து எடுத்து வாசித்தேன். கேஸ் டயரியைக் கேட்கிற மாதிரி கேட்டார். கேட்டுவிட்டு, “அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா?” என்றார். செத்துப் போய்விட்டாள், கதை ஆரம்பிக்கும்போதே இல்லை என்றேன். “அதான் கத்தறான்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பார்த்தீர்களா புத்தி போகிற போக்கை? மனைவி இருந்தால் அவள் வாங்கிக் கட்டிக்கொள்வாளாம், ஊருக்கு மிச்சமாகுமாம். இதற்குத்தான் இத்தனையும் சொன்னேன். என் சண்டையே இதுதான்.

இங்கே ஒரு நோயாளிக்குத் துணையாக ஒரே ஆள்தான், அவருக்கு ஒரு அட்டெண்டர் பாஸ். உங்களுக்கும் கொடுத்திருப்பார்களே, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி. அட்மிஷன் அன்றைக்கு அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போதே நான் கவுன்டரில் என் பெயரைச் சொல்லி வாங்கிவிட்டேன். எழிலரசி, உறவு மகள். யோசித்துத்தான் செய்தேன். என் அம்மா அஞ்சலாட்சி அந்த மனிதரோடு முப்பத்திரண்டு வருஷம் டூட்டி பார்த்தவள். நான்கு மணி பஸ்ஸுக்கு மூன்று மணிக்கு எழுந்து டிபன் கட்டியவள். இனி அவருக்குப் படுக்கையிலேயே சட்டி வைத்து எடுக்கிற வேலையையும் அவள் தலையில் கட்ட என்னால் முடியாது. என் அண்ணன் பெங்களூரில் இருந்து போனில் ரொம்ப நல்ல பொண்ணு என்கிறான், அவனை விடுங்கள். அம்மாவை நான் காப்பாற்றினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் காலை அம்மா எப்படியோ கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். இதோ, இந்தத் திரைச்சீலை ஓரமாக, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி நின்றாள். செக்யூரிட்டி அண்ணன் ரவுண்டு வந்து பாஸ் பாஸ் என்று கேட்டார். நான் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். அவர் திரும்பியும் விட்டார் அக்கா, நல்ல மனிதர், பார்த்தும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார். அப்பா கூப்பிடுகிறார்: “சார், இந்தம்மாகிட்ட பாஸ் இல்லை.”

கட்டின பெண்டாட்டியை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிற நேரத்தில். எந்த ஊரில் அக்கா நடக்கும் இது? செக்யூரிட்டி அண்ணனுக்கே முகம் செத்துவிட்டது. அம்மா அவர் தலைமாட்டுக்குப் போய், தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், போய்விட்டாள். நான் அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை. அடுத்த நாள் ஒரு மணி நேரம் பேசினேன். அதிகாரம் ஒரு மனிதனை எப்படி உள்ளேயிருந்து தின்கிறது என்று, எடுத்துக்காட்டுகளோடு. முடித்ததும் கேட்கிறார், “உங்கம்மாவை அனுப்பிட்டு நீ வீட்டுக்குப் போயேன்” என்று.

தினமும் இதையேதான் கேட்கிறார். உங்கம்மாவை அனுப்பு, உங்கம்மாவை அனுப்பு. விரட்டியவரும் அவர்தான். அனுப்பச் சொல்கிறவரும் அவர்தான். பணிவிடைக்கு ஆள் வேண்டும், வேறென்ன? அம்மாவும் அதற்குச் சளைத்தவள் இல்லை. போன் பண்ணி, ஒரே ஒரு நாள் நான் உட்காருகிறேன்டி, பாஸில் பெயரை மாற்றிக் கொடுக்கச் சொல்லேன் என்பாள். அடிமைத்தனத்துக்குப் பழகிய மனம் அடிமைத்தனத்தையே பாசம் என்று நினைத்துக்கொள்ளும் அம்மா என்று நான் பொறுமையாக விளக்குவேன். சரி, சாப்பிட்டியா என்பாள். சாயங்காலம் பார்வையாளருக்கு ஒரு மணி நேரம், அதில் எதிர்வீட்டுக்காரர், யூனியன்காரர், சித்தப்பா என்று கட்டிலைச் சுற்றிக் கூட்டம். அம்மா டிபன் கேரியரோடு கால்மாட்டில் நிற்பாள். மணி அடித்ததும் போய்விடுவாள்.

நான் ஏன் பெயரை மாற்றவில்லை என்றா கேட்கிறீர்கள்? இப்போதுதானே சொன்னேன், கொள்கை. அதுவும் தவிர, வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது அக்கா. மாடியில் குடியிருப்பவர்கள் நாள் பூராவும் டிவி போடுவார்கள். இங்கே ஃபேன் இருக்கிறது, தலைக்கு மேல் பிளக் இருக்கிறது. அந்த பிளக்கும் சும்மா கிடைக்கவில்லை. சிஸ்டர் ஜெபமலர், நாகர்கோவில் பக்கம், முந்தாநாள் வந்து என் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். பத்தொன்பதாம் பெட்டுக்கு மூச்சுத் திணறுகிறது, மெஷின் மாட்ட வேண்டும் என்றார். மாட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டாமா? மேட்ரனுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை, எல்லாம் வரிசையாக. எதையும் குறித்து வைத்தால்தான் இவர்கள் பயப்படுவார்கள்.

ஆனால் அப்பாவிடம் என் பேச்சு கொஞ்சம் வேலை செய்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பிசியோதெரபி ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் நானும் கிளம்பினேன். வேண்டாம், ஆயா தள்ளிக்கொண்டு போவார், நீ உட்கார்ந்து உன் வேலையைப் பார் என்றார். அடுத்த நாளும் அப்படியே. பத்தரைக்கு முன்னாலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். வார்டில் எல்லோரும் அழுதுகொண்டு போகிற இடம் அது, உங்கள் வீட்டுக்காரரையும் அனுப்புவார்கள், பாருங்கள். இவர் ஒரு நாள்கூட முனகவில்லை. பெண்ணுக்கும் வேலை என்று ஒன்று உண்டு என்பது அறுபத்திரண்டு வயதில் உறைத்திருக்கிறது. சொல்லச் சொல்ல மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள். அந்தப் படத்தில் அதைத்தான் அவர்கள் காட்டவில்லை, அங்கே யாரும் அவனிடம் வாதாடவே இல்லை.

என்ன சொன்னீர்கள்? கீழேயா?

எக்ஸ்ரே ரூமுக்கு எதிரில்தான் பிசியோதெரபி, ஆமாம். சக்கர நாற்காலியில். மஞ்சள் கோடு போட்ட சட்டையா? உங்களிடம் எக்ஸ்ரே சீட்டைக் காட்டச் சொன்னாரா? அவரேதான். மன்னித்துக்கொள்ளுங்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பழக்கம் அது. சீட்டு சரியாக இருக்கிறது, இந்த வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லியிருப்பாரே.

பக்கத்தில் யார்?

இருக்காது அக்கா. அது வேறு யாராவது இருக்கும். குட்டையாகவா? மூக்குத்தி இரண்டு பக்கமுமா? சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டு. சரி. கையில் என்ன சீட்டு?

ஓ.பி. சீட்டு.

அம்மாவுக்கு என்ன உடம்பு? உங்களிடம் பேசினாளா? மூட்டுவலி என்றாளா? ஒன்பது நாளாகவா வருகிறாள்? அவளே சொன்னாளா, பிசியோவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று? அக்கா, என் அம்மாவுக்கு மூட்டுவலியே கிடையாது. மாரியம்மன் கோயிலை நூற்றெட்டு சுற்றுச் சுற்றுகிறவள் அவள்.

இல்லை, கோபமில்லை. யோசிக்கிறேன். திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஒரு முட்டாள் மாதிரி உட்கார்ந்து வரி எண்ணிக்கொண்டிருக்கிறேன், அங்கே இரண்டு பேரும் சாத்துக்குடி தின்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் பாஸைக் கொடுத்திருக்க மாட்டேனா? கேட்டார்களா?

கேட்டார்கள். சரி, கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். ஆனால் கேட்ட விதம் என்று ஒன்று இருக்கிறது அக்கா. காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். உங்கம்மாவை அனுப்பு என்றால் எனக்கு என்ன அர்த்தமாகும்? சட்டி எடுக்க ஆள் கேட்கிறார் என்றுதானே அர்த்தமாகும்? எனக்கு அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு ஆண் தன் வாயால் சொல்ல மாட்டானா? அதைச் சொல்லவும் நானே வரி எழுதிக் கொடுக்க வேண்டுமா?

ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்க்கும்போது அவர் சிரித்தாரா?

அவ்வளவு சத்தமாகவா? அம்மா என்ன சொன்னாள்? எதற்குச் சிரித்தார் என்று உங்கள் காதில் விழவில்லையா? ஒரு வார்த்தைகூடவா?

இதோ, நாற்காலி சத்தம். வந்துவிட்டார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். முகத்தைப் பாருங்கள், யாரையோ இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி வைத்துக்கொண்டு வருகிறார்.

“அப்பா, கீழ அம்மா வந்திருந்தாங்களா?”

“வந்தா. ஆயாம்மா, பிரேக் போடுங்க முதல்ல.”

“எத்தனை நாளா வர்றாங்க?”

“பிசியோ ஆரம்பிச்ச நாளா.”

பார்த்தீர்களா, ஒரு தடுமாற்றம்? ஒரு வெட்கம்? கட்டிலில் ஏற்றிவிடுங்கள் ஆயா. கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிவிட்டேன் அக்கா, நீங்கள் சாட்சி.

“இந்தாங்க பாஸ். நான் கிளம்பறேன். அம்மா இன்னும் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க, கூப்பிட்டு உக்கார வச்சுக்கங்க.”

கண்ணாடியைத் தேடுகிறார். மாட்டிக்கொள்கிறார். என் பாஸை, பதினாறு நாளாக அவர் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த பாஸை, கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார்.

“எழிலரசி, மகள்னு போட்டிருக்கு. இதுல அவ எப்படி வருவா? ஒருத்தர் பாஸ்ல இன்னொருத்தர் வர்றது தப்பு.”

“இல்லாத மூட்டுவலியைச் சொல்லி சீட்டு வாங்கறது தப்பில்லையா?”

“சீட்டு வாங்கியிருக்கா இல்ல? அதோட செக்கர் வேலை முடிஞ்சுது. எதுக்குப் போறே, யாரைப் பாக்கப் போறேன்னு டிக்கெட் எடுத்தவங்களை ஒரு வார்த்தை கேக்கக்கூடாது.”

பாஸை நீட்டிக்கொண்டே இருக்கிறார். கழுத்தில் மாட்டச் சொல்கிறார், பாஸ் இல்லாமல் வார்டில் நிற்கக் கூடாதாம். மாட்டிக்கொண்டேன். இதற்குப் பதில் இருக்கிறது அக்கா. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.